கிருமி போடாத பாதி வயல்

எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். ஓடினேன். ஆராய்ச்சி நிலையத்து ஜீப் டிரைவர். "கோமதி மேடம் இறந்துட்டாங்கம்மா, ஆரம்பாக்கத்துல எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். அழுகை வரவில்லை. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவரோடு வேலை பார்த்தவர்கள் கேட்டபோது, "எனக்கு அந்தம்மாவைப் புடிக்காதே" என்றேன். பரவாயில்லை, எழுதுங்கள் என்றார்கள். ஆகவே, அவரை நேசித்த நீங்கள் என்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

சுற்றிலும் இறால் பண்ணைகள் வந்த பிறகு எங்கள் வயலில் உப்பு ஏறிவிட்டது. நெல் முளைக்கும், பிறகு நுனி கருகிச் சாகும். கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை பார்த்த என் கணவரும் அவர் தம்பி செல்வமும் மனை போடுகிறவருக்கு நிலத்தை விற்றுவிடலாம் என்றார்கள். ஒரே ஒரு போகம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கோமதி மேடம் வந்தார். உப்பு மண்ணிலும் பயிர் தாங்கும்படி வேருக்குத் துணை நிற்கும் பாக்டீரியா இருக்கிறதாம். கரித்தூள் மாதிரி ஒரு பொடியில் கலந்து கொண்டுவந்தார்.

பொடியைக் கஞ்சியில் கரைத்து விதைக்குப் பூச வேண்டும். நான் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியோடு வந்து நின்றேன். ஊர் பார்க்கக் கத்தினார்: "கொதிக்கிற கஞ்சியில போட்டா உள்ள இருக்கிற உயிரெல்லாம் வெந்துடாதா? உன் புள்ளையை இந்தச் சூட்டுலதான் குளிப்பாட்டுவியா?" நல்ல வாய்! கஞ்சி ஆறும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதைக்கூட மறந்திருப்பேன். வயலின் நடுவே வரப்புப் போடச் சொல்லி, ஒரு பாதிக்குப் பூசிய விதை, மறு பாதிக்கு வெறும் விதை என்றார் பாருங்கள், அதைத்தான் மறக்க முடியவில்லை.

"ஊட்ல நெலத்த வித்துடலாம்னு நின்னுக்கினு கீறாங்க மேடம். அந்தப் பக்கத்துக்கும் போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"ரெண்டு பக்கமும் போட்டா, பயிரைக் காப்பாத்தினது பாக்டீரியாவா மழையான்னு எப்படித் தெரியும்? வெறும் பாதி இல்லாம நான் எதையும் நம்ப மாட்டேன்."

ஜீப்பில் பொடி மிச்சம் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பூசிய பாதி பச்சை பிடித்தது. வெறும் பாதி கருகியது. அதிகாரிகளையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிவந்து, கருகிய பக்கத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார் மேடம். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. போட்டோவுக்கு என்னை அந்தக் கருகல் முன்னால் நிறுத்தினார். கூட்டம் கலைந்ததும் செல்வம் சொன்னான்: "பாத்தியா அண்ணி? இன்னாத்துக்கு இத்த கட்டிக்கினு அழுவுற? என் பங்கை நான் விக்கிறேன்." கருகிய பாதியையே தன் பங்காகக் கேட்டு வாங்கி விற்றான். இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

நேரே ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். "உங்களாலதான் மேடம் பாதி நெலம் பூட்ச்சு."

"உன் வீட்டுக்காரர் அவர் பங்கை விக்கலையே, ஏன்?" என்றார், உட்கார்ந்தபடியே.

கூட்டம் நடந்த அன்று என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, வரப்பில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தவர். பச்சைப் பக்கத்தைக் காட்டி, "இந்தப் பக்கத்த நான் குடுக்க மாட்டேன்டா" என்று தம்பியிடம் சொன்னவர். அது அந்தம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"கருகின பாதியைப் பார்க்கலைன்னா அவர் பச்சைப் பாதியை நம்பியிருக்க மாட்டார்" என்றார். வருத்தமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்றைக்கும் அவரை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. இறந்துவிட்டார் என்பதற்காக அது குறையவில்லை. ஆனாலும் அவரால் எனக்கு மிச்சமானது என்ன என்று கேட்டால், பாதி வயல் என்றுதான் எழுத முடியும். இந்தப் போகமும் அதில் நெல் நிற்கிறது. உங்களை மன்னிக்கவில்லை, மேடம். வயலை விற்கவும் இல்லை.