உள்பக்கத்துக் கறுப்பு நூல்

அந்தப் பெண்ணை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் கடைசி வரைக்கும் ஒற்றுமையாக இருந்தோம்.

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகிற வீதியில், ஒரு வீட்டின் மேல்மாடியில் அவளுடைய கம்பனி இருந்தது. ஐந்து தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லொக் மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீட்டு மேசை, தலையில்லாத இரண்டு பொம்மைகள். தைக்கிற பெண்கள் மூன்று பேர். முக்கால்வாசி வேலை, எங்கள் பெண்கள் உடுப்புக்கு மேல் போடுகிற கறுப்பு அபாயாதான். வெளியே போர்டில் மட்டும் பேஷன் டிசைன் என்று பெரிதாக எழுதியிருந்தது. அந்த டிசைன் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டாம் நாளே கண்டுகொண்டேன். டுபாய்க் கடைகளின் படங்கள் அவளுடைய போனுக்குள் நிறைய இருந்தன. காலையில் ஒன்றைத் திறந்து மேசையில் வைப்பாள். பின்னேரம் அது பொம்மையின் மேல் தொங்கும்.

நான் ஆடை வடிவமைப்பு டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பனியில் பயிற்சி செய்ய வேண்டும். அதற்கு நீல மட்டை போட்ட ஒரு பயிற்சிப் புத்தகம் தந்திருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் செய்த வேலையை எழுதி, கம்பனி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் சான்றிதழ் இல்லை. இரண்டு வருடம் பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் படித்ததெல்லாம் வீண். உப்பளத்தில் காலெல்லாம் வெடித்துப் போன வாப்பா, அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்ட ஆணிகூட அடித்து வைத்திருந்தார்.

முதல் நாள் அவள் என் புத்தகத்தை வாங்கினாள். முதல் பக்கத்தில் என் பெயரைப் பார்த்தாள்.

"எந்த ஊரு?"

"பாலாவி, தாத்தா." எங்கள் பக்கத்தில் மூத்த பெண்களை அப்படித்தான் அழைப்போம்.

"தாத்தாவா? இது தையக்கடை இல்ல புள்ள, கம்பனி. மெடம் எண்டு சொல்லு. பாலாவியில எங்க?"

சொன்னேன். அகதி முகாமாக இருந்து, தகரம் கழற்றிக் கல் வைத்து, இப்போது ஊராகிவிட்ட இடம்.

"ஓ, அகதியாக்களா. சண்டதான் முடிஞ்சிட்டே, இன்னும் ஊருக்குப் போகல்லயா?"

உம்மாவும் வாப்பாவும் மன்னாரிலிருந்து வந்தது தொண்ணூறில், சண்டையில் எங்கள் ஆட்களையெல்லாம் விரட்டியபோது. நான் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். மன்னாரை வாழ்க்கையில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் காணி விஷயமாக. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் விளங்கவா போகிறது. அவள் புத்தகத்தை மூடி, துணி வைக்கிற அலுமாரியின் மேல் தட்டில் போட்டுப் பூட்டினாள்.

"கிழமைக்கு ஒருக்காக் கையெழுத்துப் போட எனக்கு நேரமில்ல. கடைசியில மொத்தமாப் போடுவன். ஒழுங்கா நடந்துக்கோ."

அன்றிலிருந்து அந்த அலுமாரிச் சாவி அவளுடைய கையில் இருந்த கயிறு, என் கழுத்தில் இருந்த சுருக்கு.

அங்கே நான் கற்ற பேஷன் டிசைன் இதுதான்: நூல் பொறுக்குவது, அபாயாக் கையில் கல் ஒட்டுவது, ஸ்திரிக்கை பிடிப்பது, தேத்தண்ணி ஊற்றுவது, பேஸ்புக்கில் போடுவதற்குப் பொம்மையைப் படம் எடுப்பது. வீதியில் சீமெந்து லொறி போனால் யன்னலைச் சாத்துவதும் என் பொறுப்பு. ஒரு நிமிஷம் பிந்தினால் கறுப்புத் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு என் வரைபடக் கொப்பியைக் காட்டினேன். இரவிரவாக வரைந்தவை. அவள் நாலு பக்கம் புரட்டினாள்.

"இதப் போட்டுட்டு ஒரு பொம்புள பஸ்ஸில ஏற ஏலுமா?"

தைக்கிற பெண்கள் சிரித்தார்கள். கை அகலம் கூடிப்போனது உண்மைதான். அது உண்மை என்பதால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. கொப்பியை அவள் திருப்பித் தரவுமில்லை. அடுத்த நாள் சூடான கேத்தல் அதன் மேல் உட்கார்ந்திருந்தது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்குக் கை இருந்தது. மணி வேலையில் அவளை அடிக்க அந்தக் கரையில் ஆளில்லை. அந்தக் கைக்காகத்தான் ஐந்தாம் மாதம் உடப்பு என்கிற இந்து ஊரிலிருந்து ஒரு தாயும் மகளும் அவளைத் தேடி வந்தார்கள்.

மகளுக்குக் கல்யாணம். கூறைச் சேலைக்கு ஒரு சட்டை, தோழிப் பெண்களுக்கு மூன்று சட்டை, நாலும் அரக்குச் சிவப்பு, கழுத்திலும் கையிலும் மணி வேலை. பேஸ்புக்கில் நான் எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துத்தான் வந்ததாக மகள் சொன்னாள். என் வயதுதான் இருக்கும். எங்கள் மெடத்தின் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை கண்டதில்லை. உடப்பில் ஒரு கல்யாணத்தில் பெயர் எடுத்தால் சிலாபம் வரைக்கும் ஓர்டர் வரும் என்று அவர்கள் போன பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

வெட்டித் தைத்து முடிந்த சட்டைகளுக்கு உள்பக்கம் ஓரம் அடிக்கிற வேலை எனக்கு வந்தது. ஓவர்லொக் மெஷினில் எப்போதும் கறுப்பு நூல் கோன்கள்தான் பூட்டியிருக்கும். அபாயாக் கம்பனியில் வேறு என்ன நிறம் தேவை? நான் அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியிலிருந்து சிவப்புக் கோன்களை எடுத்து வந்தேன்.

"என்ன செய்யிற?"

"கோன் மாத்தப் போறன் மெடம்."

"முப்பது அபாயா இண்டைக்குப் போகணும். நீ கோன் மாத்தி, திருப்பி மாத்தி, எப்ப முடிக்கிற? கறுப்பிலயே அடி. உள்ளுக்கு ஆரு பாக்கிற?"

நான் வாயைத் திறந்தேன்.

கறுப்பு ஏன் கூடாது என்று எனக்குத் தெரியும். வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் உடப்புப் பிள்ளை. அவளுடைய மச்சாளின் கல்யாணச் சட்டைக்கு யாரோ கறுப்பு நூலில் கொக்கி தைத்துவிட்டார்கள் என்று ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண உடுப்பில் கறுப்பு ஒரு பொட்டுக்கூட ஆகாது, வெளியே தெரியாவிட்டாலும் ஆகாது, பெண்ணின் உடம்பில் படும் அல்லவா என்றாள். எங்கள் மெடத்துக்கு அது தெரிய வழியில்லை. எங்கள் மணமகளே கல்யாண உடுப்புக்கு மேல் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டுதான் வாகனத்தில் ஏறுவாள். கறுப்பு எங்களுக்குத் தினச் சோறு.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. தைக்கிற பெண்களின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"அகதி அரிசி திண்டு வளந்ததுகள். மத்தவங்கட சாமான விரயம் பண்ணுறதுல கெட்டிக்காரிகள்."

நான் வாயை மூடினேன். சிவப்புக் கோன்களைப் பெட்டியில் போட்டேன். நாலு சட்டைக்கும் கறுப்பிலேயே அடித்தேன். அந்தக் கம்பனியில் நான் அவ்வளவு நேர்த்தியாக வேறு எதையும் தைக்கவில்லை. ஒரு தையல் கோணவில்லை. மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது. வரட்டும், வந்து பார்க்கட்டும், உன் மூஞ்சி போகிற போக்கை நானும் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டே அடித்தேன்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர்கள் வந்தார்கள். தாய் சட்டையை வெளிச்சத்தில் பிடித்து மணி வேலையைத் தடவிப் பார்த்தாள். நல்லாயிருக்கு என்றாள். பிறகு, வீட்டில் பழகிய கை, சட்டையைச் சட்டென்று உட்புறமாகத் திருப்பியது.

தாய் அடுத்த சட்டையைத் திருப்பினாள். அடுத்ததையும் திருப்பினாள்.

"தங்கச்சி, இது கல்யாணத்துக்கெண்டு சொல்லித்தானே குடுத்தம்?"

மெடத்துக்கு விளங்கவில்லை. "ஓம், என்ன பிழை?"

"கறுப்பில அடிச்சிருக்கு. என்ர பிள்ளை இதை எப்பிடிப் போட்டுக்கொண்டு மணவறையில இருக்கிறது?"

நான் அந்த மூஞ்சியைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். ஆனால் என் கண் மகளிடம் போய்விட்டது. அவள் சட்டையின் கை ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், பிறகு விரலை எடுத்துக்கொண்டாள். அழாமல் இருக்க அவள் யன்னல் பக்கம் திரும்பினாள். இவளை நான் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை.

மெடம் என்னை நோக்கிக் கையை நீட்டினாள். "இவதான் அடிச்ச. ட்ரெயினிங் புள்ள."

"நீங்கதான் கோன் மாத்த வேணாமெண்டு சொன்னீங்க," என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

அவள் கத்த வாயெடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். என்னையே பார்த்தாள். அவள் தலைக்குள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"பிழை எங்கடது. நாளைக்குப் பகலுக்குள்ள செவப்பில அடிச்சு உங்கட வீட்டுக்கே வரும்."

அவர்கள் படியிறங்கும் வரை பொறுத்திருந்தாள்.

"அண்டைக்கு நீ ஏன் செவப்புக் கோன எடுத்த?"

"நிறம் பொருந்தட்டுமெண்டு."

"பொய்."

அபாயா வேலையெல்லாம் நின்றது. தைக்கிற பெண்களை நேரத்தோடு அனுப்பிவிட்டாள். நானும் அவளும் மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து தையல் பிரித்தோம். ஓவர்லொக் தையல் பிரிப்பது போல எரிச்சல் பிடித்த வேலை கிடையாது. ஒரு நூலை இழுத்தால் மூன்று நூல் குப்பையாகக் கொட்டும். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. எழும்பித் தொழுதுவிட்டு வந்து மறுபடி இருந்தோம். என் விரல் நுனி எரிந்தது. அவள் என்னைவிட இரண்டு மடங்கு வேகமாகப் பிரித்தாள்.

தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"உனக்குத் தெரியுந்தானே?"

"ஓம்."

"எனக்கு ஏசணுமெண்டா ஏசியிரிக்கலாம். அந்தப் புள்ள உனக்கு என்ன செஞ்ச?"

"நீங்க என்னய அகதியெண்டு சொன்னீங்க."

"ஓம், சொன்னன்தான். அதுக்கு அவட சட்டையா?"

நான் அடுத்த நூலை இழுத்தேன். மன்னிப்புக் கேட்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் அந்தச் சொல்லுக்காக அவளை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

சிவப்பு நூலில் ஓரம் அடித்து முடித்து, ஸ்திரிக்கை பிடித்து, பொலித்தீனில் போட்டாள். பிறகு அலுமாரியைத் திறந்து என் நீலப் புத்தகத்தை எடுத்தாள். இருபத்துநாலு கட்டத்திலும் ஒன்று விடாமல் கையெழுத்துப் போட்டாள். முடியாத வாரங்களுக்கும் சேர்த்துப் போட்டாள். குறிப்பு எழுதும் இடத்தில், தையல் வேலையில் கெட்டிக்காரி என்று எழுதினாள்.

"நாளைக்கு இத உடப்பில குடுத்துட்டு அப்படியே வீட்ட போ. என்ட வாசலுக்கு இனி வராத."

அவள் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். வாழ்நாள் முழுக்க அவளைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதைக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

மறுநாள் சிலாபம் பஸ்ஸில் ஏறி, உடப்புக்குத் திரும்புகிற சந்தியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து உடப்புக்குப் போனேன். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பெண்ணே வெளியே வந்து பார்சலை வாங்கினாள். பந்தலடியில் கதிரை போட்டு என்னை இருக்கச் சொல்லி, சோடா கொடுத்தாள். பிறகு நாலு சட்டையையும் உட்புறம் திருப்பி, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். கை மூட்டுத் தையலில் ஒரு கறுப்பு நூல் துண்டு, நகம் அளவு, மாட்டிக்கொண்டு இருந்தது. அவள் அதை நகத்தால் கிள்ளி எடுத்தாள். எங்கே போடுவது என்று தெரியாமல் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே போட மனம் வரவில்லை போலும். நான் கையை நீட்டினேன். என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அம்மா கொஞ்சம் கடுமையாக் கதைச்சுப்போட்டா. மனசில வைச்சிராதீங்க அக்கா. நீங்க தெரியாமத்தானே அடிச்சனீங்க."

மடியில் என் பைக்குள் அந்த நீலப் புத்தகம் இருந்தது. இருபத்துநாலு கையெழுத்தும் என்னிடம்தான் இருந்தன. உண்மையைச் சொன்னால் பறிபோக ஒன்றுமே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் ஆறுதலடைய வேண்டும் என்பதற்காக.

"ஓம், தெரியாமத்தான்," என்றேன்.

சான்றிதழ் வந்தது. வாப்பா அதை அந்த ஆணியில் மாட்டினார்.