வேர்க்காத மனிதனுக்குச் சம்பளம்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடேசண்ணை டாக்ஸியில் வந்து இறங்கினார். கனடாவில், எங்கள் ஸ்காபரோ அபார்ட்மென்டில் டாக்ஸி பிடிக்கிற ஆளே கிடையாது... அதுவும் வேலை நேரத்தில்! காய்ச்சலோடு கிடந்த நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"வேலை போயிட்டுது, மாஸ்டர்" என்றார்.

அண்ணை என் அறைவாசி. ஊரில் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். நான் அங்கே டியூட்டரியில் பொருளியல் படிப்பித்தவன் — இங்கே ஓர் அலுவலகத்தில் பைல் அடுக்குகிறேன். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கரண்டி பக்டரியில் வேலை. அது நிரந்தரமானால்தான் போரில் ஷெல் விழுகிற யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியைக் கூப்பிடலாம்.

என்ன வேலை தெரியுமா? மெஷினின் முன்னால் நிற்பது. சிவப்பு லைற் எரிந்தால் பொத்தானை அமத்துவது. எரியாவிட்டால்... நிற்பது. அவர் சேர்ந்த நாளிலிருந்து அது எரியவேயில்லை. கரண்டிகள் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தன.

அண்ணைக்கு நித்திரை போய்விட்டது. "சும்மா நிக்கிறவனுக்கு ஆர் மாஸ்டர் சம்பளம் குடுப்பான்? ஒருநாளைக்குக் கண்டுபிடிச்சிடுவாங்கள்!"

ஆகவே ஒரு வழி கண்டார். மேற்பார்வை பார்க்கிற போர்மன் வருகிற நேரம் பார்த்து வாஷ்ரூமுக்கு ஓடுவார். தலையிலும் சேர்ட்டிலும் தண்ணீர் அடிப்பார். திரும்பி வந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க மெஷினின் முன்னால் நிற்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மூச்சைக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிவிட்டார். போர்மன் பதறிப்போய் மெஷினை நிறுத்தி, அண்ணையை நாற்காலியில் இருத்தி, டாக்ஸியில் ஏற்றிவிட்டார். நாளைக்கு ஆங்கிலம் தெரிந்த ஒருவரோடு வா என்று சைகை வேறு!

நான் போர்வைக்குள் இருந்தபடியே பாடம் எடுத்தேன். "அண்ணை, உதுக்குப் பேர் உற்பத்திச் சார்பு. உழைப்பையும் மெஷினையும் படிப்பையும் சேர்த்துப் போட்டால் கரண்டி வரும். இஞ்சை ஒரு ஆளுக்குப் பின்னாலை கனக்க மெஷின் நிக்குது. அதாலை சம்பளமும் கூட."

"அவ்வளவுதானோ?"

"இல்லை. உதே மெஷினை ஊரிலை கொண்டுபோய் வைச்சாலும் இவ்வளவு வராது. கரண்ட் நிக்கும், பார்ட்ஸ் வராது... உப்பிடிக் கணக்கிலை பிடிபடாத மிச்சம் எல்லாத்துக்கும் ஒரு எழுத்துப் போட்டு, உற்பத்தித்திறன் எண்டு பேர் வைச்சிருக்கினம்."

"அந்த எழுத்து பக்டரியிலை எந்தப் பக்கம் இருக்கு?"

எனக்குக் காய்ச்சல் கூடியது.

யோசித்துப் பாருங்கள். பணக்கார நாட்டில் மனிதன் நிற்கிறான், மெஷின் ஓடுகிறது. நம் ஊரில் மனிதன் ஓடுகிறான்... மெஷின் பழுதாகி நிற்கிறது. ஓடுகிறவனுக்குச் சம்பளம் குறைவு!

மறுநாள் போனோம். எங்கள் ஊரில் வேர்வையைக் காட்டித்தான் கூலி வாங்குவோம் என்று போர்மனிடம் உள்ளதைச் சொன்னேன். மனிதர் மேசையில் அடித்துச் சிரித்தார். இங்கே ஆள் வேர்த்தால் மெஷினில்தான் பிழை தேடுவோம் என்றார். முதல்நாள் மிச்ச நேரம் முழுக்க இரண்டு மெக்கானிக்குகள் அதைக் கழற்றிப் பூட்டினார்களாம். மெஷினில் பிழை இல்லை. அண்ணையிலும் பிழை இல்லை. மாத முடிவில் வேலை நிரந்தரம்.

திரும்பும்போது பஸ்ஸில் கை கொடுத்தேன். அண்ணை கையை நீட்டவில்லை. முகத்தில் கோபம்.

"ஆள் வேர்த்தால் பிழையெண்டு தேடுறாங்கள், என்ன? அங்கை மூட்டைக்குக் கீழை இவ்வளவு வருசமா வேர்த்துக் கொட்டினனே... ஒருத்தனும் வந்து என்ன பிழையெண்டு பாக்கேல்லையே, மாஸ்டர்?"

பொருளியல் வாத்தியாருக்கு பஸ்ஸில் அழுகை வரலாமா? வந்தது.