மகளின் சுவரோடு ஒட்டிய அடுப்பு

கல்முனையில் ஒருவர் அடுப்புக் கட்டினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் கட்டியது சோறு சமைக்கிற அடுப்பு அல்ல. அதனால்தான் சிரித்தார்கள்.

செங்கல்லால் ஒரு தளம், அதன் அடியில் மூன்று புகைக்கால்வாய்கள். தெற்குப் பக்கம் விறகு வைக்கும் வாய், மறுமுனையில் ஏழடிப் புகைபோக்கி. விறகு எரிந்தால் சூடு கால்வாய்களில் ஓடித் தளம் முழுவதையும் சுடவைக்கும். அவித்த நெல்லை அதன் மேல் பரப்பினால் மாரி மழையிலும் காயும். அவ்வளவுதான் விஷயம்.

மனைவியின் தம்பி வந்து அதைச் சுற்றிப் பார்த்தான்.

"மச்சான், நுவரெலியாவிலதான் வீட்டுக்குள்ள நெருப்பு மூட்டுவாங்க. உங்களுக்கு இஞ்சயே குளிருதா?"

"நெல்லுக்குக் குளிருது" என்றேன்.

"அப்ப ஒரு போர்வையும் வாங்கிக் குடுங்க."

நான் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் அரிசிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்றவன். அந்த வரிசைகள் மறைந்த பிறகும் ஒரு மாரியில் எனக்கு அவமானம் வந்தது. வீட்டுக்குள் பன்னிரண்டு மூடை நெல் இருந்தது. எல்லாம் எங்கள் வயலில் விளைந்தது. மழையோ விடவில்லை. நெல்லை அவித்தால் காயவைக்க வெயில் இல்லை, காயாத நெல்லைக் குற்றி அரிசியாக்க முடியாது. பன்னிரண்டு மூடையையும் வீட்டில் வைத்துக்கொண்டு பையோடு கடைக்குப் போனேன்.

"உங்கட நெல்லெல்லாம் நித்திரையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

இனி ஒரு சுண்டு அரிசிக்கும் யாரிடமும் கை நீட்டுவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன். வளவில் ஆடு மூன்று, கோழி பதினொன்று, மரவள்ளி நாற்பது தடி இருந்தன. எல்லாம் என் கணக்குக்குள் அடங்கின. அரிசி மட்டும் மழையின் கையில் இருந்தது.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் பத்தொன்பது தென்னைகளில் பதினான்கு சரிந்தன. ஊரே அழுதது, நானும் அழுதேன். அழுது முடிந்த பிறகு, கிடந்த மரங்களை விறகாக எண்ணத் தொடங்கினேன்.

அடுப்பறைக்கு நான்கு சுவர் வேண்டும். வீட்டின் பின்சுவரையே நான்காவது சுவராக வைத்துக்கொண்டால் முந்நூற்றைம்பது கல் மிச்சம். மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"இஞ்ச பாருங்க, அந்தச் செவரோட ஒட்டிக் கட்டாதீங்க. அது மகள்ட வீடு."

"மகள் இன்னும் பள்ளிக்கூடம் போறாள்."

"போறவ அங்கேயே இரிப்பாளா?"

எங்கள் பக்கத்தில் மகள் கலியாணம் முடித்தால் வீடு அவளுடையது. பெற்றவர்கள் பின்வளவுக்கு ஒதுங்கிவிடுவார்கள். இது தெரியாதவன் அல்ல நான், அவளுக்கென்றே அந்த வீட்டைக் கட்டியவன். ஆனாலும் வீடு போகும், அடுப்பு என்னோடு இருக்கும் என்று எப்படியோ நினைத்துவிட்டேன். ஒரு சுவரின் உட்பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வெளிப்பக்கத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் கணக்குப் பார்க்கவில்லை.

கல் ஆயிரத்து நூற்று நாற்பது முடிந்தது. முதல் தடவை நெருப்புக் கூடிப்போய்ப் பாதி நெல் குறுணலாகிவிட்டது. கோழிகளுக்கு அன்று பெருநாள். பிறகு பக்குவம் பிடிபட்டது. மூன்று மாரி நாங்கள் கடை அரிசி வாங்கவில்லை. மழை தகரத்தில் கொட்டும், அப்பால் கடல் இரையும், நான் நெல்லைக் காலால் துழாவியபடி தளத்தில் நடப்பேன். உள்ளங்காலில் சூடு ஏறும். என் ஆயுளில் மனம் அடங்கி இருந்தது அந்த நடையில் மட்டும்தான்.

மகளுக்குக் கலியாணம் முடிந்தது. மருமகன் பள்ளிக்கூட ஆசிரியர், சாதுவான பிள்ளை. நானும் மனைவியும் பின்வளவில் ஓர் ஓலைக் குடிலுக்கு வந்தோம். பின்சுவர் அறை அவர்களுடையதாயிற்று. அதற்கு நீல நிறம் அடித்திருந்தார்கள். அந்த மாரியில் நெருப்பு மூட்டியபோது சுவர் வெடித்தது. வெடிப்பு வழியே புகை உள்ளே போயிற்று. களிமண்ணால் அடைத்தேன், வேறிடத்தில் வெடித்தது. நான்கு இடங்களில் அடைத்தேன். மகள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். மகள்தான் குடில் வாசலுக்கு வந்தாள்.

"வாப்பா, செவரு சுடுது. அவர் கட்டில நடுவுக்கு இழுத்துப் போட்டிரிக்கார்."

"ஈரச் செவருக்குச் சூடு நல்லதுதானே."

"புகை எனக்கு நல்லதா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. "நெல்ல மில்லுக்குக் குடுத்துப் பதிலுக்கு அரிசி எடுப்பம். நீங்களும் உம்மாவும் எங்கட சோத்தத் தின்னுங்க. ரெண்டு வயிறு எங்களுக்குப் பாரமா?"

"பாரமில்ல மகள்."

"மறுகா என்ன?"

அவர்கள் அன்பாகவே தருவார்கள், நானும் வாங்கித் தின்பேன். அதற்குத்தான் பயந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுப்பை இடிக்க மேசனைக் கூப்பிடுவோம் என்றார் மருமகன். விடவில்லை, நானே இடித்தேன். அறுநூற்றெண்பத்திரண்டு கல் முழுசாகத் தேறியது. குடிலுக்குப் பக்கத்தில் அடுக்கி ஓலையால் மூடினேன். அன்று பகல் வீட்டிலிருந்து மூடிய பீங்கானில் சோறு வந்தது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று மனைவியிடம் சொன்னேன். இந்தத் தடவை நான்கு சுவரும் எனக்கே சொந்தமாகக் கட்டுவதாக இருந்தேன்.

அதற்குள் நாட்டில் சண்டை மூண்டு பிரச்சினைக் காலம் வந்தது. மேற்கே வயலுக்குப் போகிறவர்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாத நிலை. எங்கள் வயல் கண்டம் விதைக்கப்படாமல் புல் மண்டியது. விறகு வண்டிகள் காட்டுக்குப் போவதை நிறுத்தின. விறகு கிடைத்தாலும் பரப்ப நெல் இல்லை. மருமகனின் சம்பளத்தில் கடை அரிசி வந்தது.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மாமா, பிள்ளையக் குளிப்பாட்ட ஒரு இடமில்ல. அந்தக் கல்லுகளால கிணத்தடியில ஒரு கட்டுக் கட்டுவமா?"

"ஓம்" என்றேன். ஓலையைத் தூக்கிக் கல்லை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். எண்ணவில்லை.

கொஞ்ச நாள் என்ற பேச்சை அதன் பிறகு மனைவியிடம் எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவர்கள் சோறு கொண்டுவருகிற நேரத்தில் பசிக்கப் பழகிக்கொண்டேன். உப்புக் குறைந்தால் சொல்வதில்லை.