முப்பது பொட்டலம் கேட்ட பெண்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். ஆனால் பிரியாணி வரும். தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஒரே ஒரு தேக்சா அண்டா, ஐம்பது பொட்டலம். பொத்தேரி ஹாஸ்டல் பிள்ளைகள் ரயிலேறி வந்து வாங்கிப் போவார்கள். எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று ஆளுக்கு இரண்டுதான்.

வெப்சைட் வேலை செய்யும் மகள் இதற்கும் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் போட்டாள். பெயரை எழுதி, ஒன்றா இரண்டா என்று தேர்ந்தெடுத்தால் போதும். மீன்காரியைக்கூட விடாமல் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பொண்ணு முப்பது கேட்டிருக்காம்மா. மிஷினும் சரின்னுடுச்சு. இப்ப வர்றவங்களை எல்லாம் 'தீர்ந்துடுச்சு'ன்னு திருப்பி அனுப்புது. இனிமே எவன் நம்மகிட்ட வருவான்?"

"ரெண்டுக்கு மேல அதுல இல்லியேடி?"

"படிவம் அவ கம்ப்யூட்டருக்குப் போவுதுல்ல, அங்க மாத்தி எழுதி அனுப்பிட்டா. வந்ததை நான் அப்படியே நம்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கச் சிலர் குடத்தையே தூக்கி வருவார்கள். ஊற்றுகிறவர் குடத்தைப் பார்ப்பதில்லை, அகப்பையைத்தான் எண்ணுவார். இதைச் சொன்னேன்.

"தெரியும்மா! அதைத்தான் மிஷினுக்கு எழுதிட்டிருக்கேன். சும்மா இரு, வெங்காயத்தை நறுக்கு."

முப்பதை இரண்டாக்கினாள். திரும்பிப் போன பிள்ளைகளும் மறுபடி பெயர் கொடுத்தார்கள்.

ஞாயிறன்று அந்தப் பெண் இரண்டு பெரிய பையோடு வந்தாள்.

"வாம்மா, முப்பது!" என்றாள் மகள்.

அவள் நாக்கைக் கடித்தாள். "ரூம்ல பர்த்டேக்கா. சும்மா மாத்திப் பாத்தேன், போயிடுச்சு."

"இப்ப மாத்து, பாப்போம்."

மகளின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முப்பது போட்டாள். சிவப்பு எழுத்து வந்தது. ஐந்து போட்டாள். மறுபடி சிவப்பு. சிவப்பைப் படிக்க எனக்கும் தெரியும், கை தட்டினேன்.

"மைனஸ் ஆறு போடட்டாக்கா?"

போட்டாள். சிவப்பு வரவில்லை. மிச்சமிருந்த பொட்டலக் கணக்கில் ஆறு கூடிவிட்டதாம். தேக்சாவில் ஒரு பருக்கைகூடக் கூடவில்லை.

"அடிப்பாவி!" மகள் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். "எழுந்திரிக்காதே. இன்னும் இன்னான்னா தெரியும், எல்லாத்தையும் போடு."

இரண்டு பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தேன். "ஆறிடப் போவுது, மொதல்ல சாப்பிடுங்கடி" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.