ஆஸ்டின் காருக்கு ஒரு சமதரை

கந்தப்பளைக் கடைவீதியில் வாடகைக் கார் ஓட்டிய நல்லமுத்து, எங்கள் லயத்தின் வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில் இருந்தார். மனைவி மீனம்மா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்ததால் கிடைத்த காம்பரா அது. லயத்தில் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்காத ஒரே ஆண் அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

கார் அவருடையதல்ல. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் மளிகைக்கடை மர்சூக் முதலாளி வாங்கிய பழைய ஆஸ்டின். கியர் பெட்டியில் ஒயில் குறைந்தால் பற்கள் தேய்ந்து பெட்டியே போய்விடும் என்று கராஜ்காரர் முதலாளியைப் பயமுறுத்தி வைத்திருந்தார். பார்க்கும் முறை எளிது. அடியில் படுத்து, பெட்டியின் பின்பக்கமாக இருக்கும் திருகு மூடியைக் கழற்றிச் சுண்டுவிரலை விட வேண்டும். துளையின் விளிம்புவரை ஒயில் நின்றால் சரி. குறைந்தால் ஊற்ற வேண்டும்.

இந்த எளிய வேலையில்தான் அவர் பிழைப்பு ஆட்டம் கண்டது.

ஒருநாள் கடை வாசலில் முதலாளியே சாக்கு விரித்துப் படுத்துப் பார்த்தார். விரல் காய்ந்து வந்தது. விளிம்புவரை ஊற்றினார். மறுநாள் லயத்து வாசலில் நல்லமுத்து மூடியைக் கழற்ற, ஒயில் அவர் சட்டையில் கொட்டியது. கூடிவிட்டது என்று நினைத்து, நிற்கும்வரை வழியவிட்டார். கடைக்குப் போனதும் முதலாளி பார்த்தார். மறுபடியும் காய்ந்த விரல்.

"ஊத்தின ஒயில் எங்க நல்லமுத்து?"

"கூடிப்போச்சிங்க முதலாளி. வழிய விட்டேன்."

"கூடிப்போன பெட்டி எப்பிடி காயும்? இன்னொரு தரம் கொறைஞ்சா சாவி நம்ம கடைப் பையன் அழகன் கைக்குப் போகும்."

வீட்டில் மீனம்மா சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "இதப் புழிஞ்சா வடை சுட்ரலாம். நெசமா நீங்க விக்கலயே?"

"யாருகிட்ட விக்க? தோட்டத்துல வேற யாருகிட்ட காரு இருக்கு?"

"நம்ம தோட்டத்துத் தொரைகிட்ட இருக்கே."

"ஆமா, தொரை எங்கிட்ட வந்து போத்தல நீட்டுவாரு!"

முதலாளி மீண்டும் நிரப்பிக் கொடுத்தார். லயத்தில் மீண்டும் வழிந்தது. நல்லமுத்து பயந்துபோய் மூடியை இறுக்கிவிட்டு, முதலாளியையே கூட்டிவந்து கழற்றிக் காட்டினார். கையில் கொட்டிய ஒயிலைப் பார்த்து மர்சூக் முதலாளி விழித்தார். "என்ன ஜின் வேலையா இது?"

அந்த நேரம் கொழுந்து லொறி வந்து வழி கேட்டது. ஏற்றத்தைப் பார்த்து நின்ற காரை, மூடி போடாமலே அவசரமாகத் திருப்பி, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினார் நல்லமுத்து. ஒழுகல் நின்றது. முதலாளி விரலை விட்டார். காய்ந்திருந்தது. மறுபடி திருப்பினார்கள். ஒழுகியது.

கடைவீதியில் கார் எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிற்கும் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"அப்ப எதுடா சரி?"

"காரு சாஞ்சா ஒயிலும் சாயுதுங்க. சமமா நிறுத்திப் பாக்கணும்."

சமமான இடம் எங்கே இருக்கிறது? காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களம் இருக்கிறது. ஆனால் அங்கே காரை நிறுத்தத் துரையிடம் கேட்க வேண்டும். கடைசியில், ரயில் நின்றுபோன பழைய ஸ்டேஷன் முற்றத்துக்குப் போனார்கள். முதலாளி சட்டைப் பையிலிருந்து ஒரு சோடாக் கோலியை எடுத்துத் தரையில் வைத்தார். கோலி சற்று நின்றது. பிறகு மெதுவாகத் தேயிலைப் பக்கம் உருண்டது.

நல்லமுத்து குனிந்து கோலி போன வழியைப் பார்த்தார். "இங்கயும் சாய்வுதாங்க முதலாளி."

முதலாளி கோலியை எடுத்துப் பையில் போட்டார். "இதுக்கு மேல சமம் வேணும்னா கொழும்புக்குத்தான் போகணும். ஊத்து."

விளிம்பில் ஒரு சொட்டு தொங்கும்வரை ஊற்றி மூடினார்கள். முதலாளி சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்ட பிறகும் நல்லமுத்துவுக்குக் குழப்பம் தீரவில்லை.

"அப்ப மொத நாளு இருந்தது சரியா, கொறையா முதலாளி?"

"எனக்கென்ன தெரியும்? காரை எடு, கடைய தொறக்கணும்."

அதன்பிறகு எப்போது ஒயில் பார்த்தாலும் அந்த முற்றத்தில்தான். போன தடவை காரின் மூக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று ஒவ்வொரு முறையும் இருவரும் சண்டை பிடித்தார்கள்.