வாசலுக்கு மேலே ரோடு

ஜல்லி லாரியின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள் அம்சவேணி. டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு இறங்கி டீக்கடைக்குப் போனான்.

அவள் கேட்டது ஒன்றுதான். பழைய சிமெண்ட் ரோட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதியது போட வேண்டும். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தபோது அவள் வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டியிருந்தது. ரோட்டின் மேல் ரோடாகப் போட்டுப் போட்டு, இப்போது இரண்டு படி இறங்க வேண்டும். போன ஐப்பசியில் தறிக்குழி நிரம்பி அடுப்பு வரைக்கும் தண்ணீர் வந்தது. சுற்றக் கொடுத்திருந்த பட்டு நூலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். ரோடு இன்னும் ஒரு சாண் ஏறினால் அங்கே குடியிருக்க முடியாது.

எதிர்வீட்டு மஹாலட்சுமி பழைய வீட்டை இடித்து இடுப்பளவு உயர்த்திக் கட்டியிருந்தாள். ரோடு ஏறினால்தான் அவள் வீட்டு கார் உள்ளே போகும்.

கவுன்சிலரின் புருஷன் குமாரசாமி வந்தார். கையெழுத்து மட்டும்தான் கவுன்சிலருடையது, மற்றதெல்லாம் இவர்.

"ஜாக்கி வச்சி வீட்டத் தூக்கிக்கிறதுதானேம்மா. எல்லாரும் தூக்கிக்கினுதான இருக்காங்க."

"ரெண்டு பக்கமும் பொதுச் சுவருபா. மூணு வீட்டையும் சேத்துத் தூக்குறியா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். குமாரசாமியும் சிரித்தார். பெயர்க்கிற செலவு எஸ்டிமேட்டில் இல்லை என்றார். அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். நாற்காலி நகரவில்லை. அவர் மஹாலட்சுமி வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார்.

வேலை தொடங்கும் பூஜைக்குப் பூசணிக்காய் வந்தது. மஹாலட்சுமி கற்பூரத் தட்டோடு நேராக அம்சவேணியிடம் வந்தாள்.

"தெருவுக்கே நீதான்கா பெரியவ. உன் கையால ஏத்து."

புருஷன் போய்ப் பத்தொன்பது வருஷம். அதற்குப் பிறகு நல்ல காரியம் எதிலும் அவள் கையில் ஒரு தட்டைக் கொடுத்தவர் இந்தத் தெருவில் இல்லை. தன் மகள் நலங்குக்கு வீடு வீடாகக் குங்குமம் வைத்து அழைத்த இதே மஹாலட்சுமி, இவள் வாசலை மட்டும் தாண்டிப் போனவள்.

அம்சவேணி எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முதல் குச்சியிலேயே கற்பூரம் பற்றியது. மூன்று சுற்று சுற்றினாள். யாரோ சால்வை போர்த்தினார்கள். குமாரசாமி பக்கத்தில் வந்து நிற்க, போனில் படம் எடுத்தார்கள்.

திரும்பினால், நாற்காலி சுவரோரம் சாத்தியிருந்தது. லாரி ஜல்லியைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"பழைய ரோட்டப் பேக்கலியாபா?"

"நீயே பூஜை போட்டுக் குடுத்துட்டு இப்ப வந்து கேக்குற," என்றார் குமாரசாமி.

மறுநாள் புது சிமெண்ட் இறுகுவதற்காக ரோட்டில் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டார்கள். அது கசிந்து அவள் வாசல் வழியே இறங்கியது. நிலைப்படியில் சாக்கை வைத்து அடைத்தாள். போதவில்லை. சால்வையையும் வைத்தாள். பத்து மணிக்கு ராட்டையைக் கட்டில்மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நூல் சுற்ற உட்கார்ந்தாள்.