பதில் வராத சீழ்க்கை

சனிக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குக் கோலா சாவாவிலிருந்து என் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். ஆறு ரிங்கிட்டுக்குப் பெட்ரோல் போட்டிருந்தேன். போக வேண்டிய இடம் பாசிர் பாஞ்சாங்குக்கு அருகே ஒரு சிறிய ஆறு கடலில் சேரும் கரை. அங்கேதான் என் தம்பி முனியாண்டி பதினான்கு வருடமாக மீன்பிடித்துப் பிழைக்கிறான். இத்தனை வருடத்தில் நான் அங்கே போனது இரண்டே முறை. ஒன்று அவன் கல்யாணம். மற்றொன்று அவன் மாமியார் இறந்தபோது. எனக்குக் கடலைக் கண்டால் பயம்.

இந்த முறை அந்தப் பயம்தான் என்னைப் போக வைத்தது. போன மாதம் அவர்கள் கரைக்குப் பக்கத்துக் கரையில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. தம்பி அதைப் போனில் சாதாரணமாகச் சொன்னான். எனக்கு அதற்குப் பிறகு சரியான தூக்கம் இல்லை. செண்டாயானில் என் மகள் வேலை செய்யும் தொழிற்சாலையில் காவலாளி வேலை ஒன்று காலியாக இருந்தது. அவள் விண்ணப்பத் தாளை வாங்கி வந்தாள். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவனிடம் கையெழுத்து வாங்காமல் திரும்புவதில்லை என்று முடிவு.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி என்று வழி நெடுகச் செம்பனைதான். இடையிடையே பழைய தோட்டத்துக் கோயில்கள் வீடுகள் இல்லாமல் தனியாக நிற்கின்றன. நாற்பத்தோரு கிலோமீட்டர் ஓடியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. மணி ஆறு ஐம்பது.

சாலை முடியும் இடத்தில் ஒரு பாயின் கடை. தே தாரே இரண்டு ரிங்கிட், ரொட்டி சானாய் ஒன்று ஐம்பது. வழி கேட்கக் கூச்சமாக இருந்ததால் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தேன். அவரே கேட்டார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

ஊரையும், தம்பியைப் பார்க்க வந்ததையும் சொன்னேன்.

"அட, எங்க தாத்தா அந்தப் பக்கமெல்லாம் சைக்கிள்ல கருவாடு வித்தவரு. ஊர்ல நாங்க கடற்கரைக்காரங்க. ஆனா இங்க வந்து ஒருத்தரும் வலையைத் தொடல. நீங்க எஸ்டேட்டு ஆளுங்க, உங்க தம்பி வலை இழுக்கிறாரு. தலைகீழா போச்சு பாருங்க."

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்பு இந்தக் கரையில் கடலுக்குப் போனவர்கள் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். தோட்டத்துத் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை நீர் வற்றும்போது சிப்பி பொறுக்கவும் நண்டு பிடிக்கவும் வருவார்களாம். கடலோரத் தோட்டங்கள் வீட்டுமனைக்காக விற்கப்பட்டபோது, சில ஆண்கள் அடுத்தவர் படகில் வலை இழுக்கக் கூலிக்கு ஏறினார்கள். என் தம்பியின் மாமனார் சின்னையா அப்படி ஏறியவர்.

"மொத வருஷம் போட்டுல வாந்தி எடுத்தே எளைச்சுப் போனாரு. மலாய்க்காரப் பசங்க, ரப்பர் தோட்டத்து ஆளுன்னு அவருக்கு 'பால்மரம்'னு பேரு வச்சாங்க. இன்னிக்கு அந்தப் பசங்களே அவர்கிட்டதான் காத்து எப்படின்னு கேக்கிறாங்க" என்று பாய் சிரித்தார். பிறகு கடல் பக்கம் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். மேற்கே அடிவானத்தில் கறுப்பாக ஒரு சுவர் எழுந்திருந்தது. "சுமத்ரா காத்து வருது. சீக்கிரம் போங்க லா."

ஏழு பத்துக்குப் படகுத் துறையை அடைந்தேன். பலகைப் பாலம் ஒன்று, அதில் கட்டிய ஏழெட்டு ஃபைபர் படகுகள். தம்பியின் மனைவி செல்வி மழைக்கோட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "மாமா, அவரு இன்னும் வரல" என்றாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

இறால் வலை போட நான்கு மணிக்கே போயிருக்கிறான். வழக்கமாக இரண்டு பேர் போவார்கள். சின்னையாவுக்கு முட்டி வலி, அதனால் இன்று தனியாக. போனில் லைன் இல்லை. சின்னையா பாலத்தின் நுனியில் கைத்தடியை ஊன்றி நின்றார்.

"புத்தி இருந்தா பாக்காவ் காட்டுக்குள்ள பூந்திருப்பான்" என்றார். பாக்காவ் என்றால் அலையாத்தி மரம். புத்தி இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை.

ஏழு இருபதுக்குக் காற்று வந்தது. செம்பனைத் தோட்டத்தில் காற்று மரத்தில் பட்டு உடைந்துதான் நம்மிடம் வரும். இங்கே உடைப்பதற்கு ஒன்றும் இல்லை. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதின. கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் சிறு வயதில் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டப் போவோம். விடியாத இருட்டு, ஆளுக்கொரு மர நிரை. பாம்பும் பன்றியும் உண்டு. அதனால் தோட்டத்தில் ஒரு வழக்கம். இரண்டு குட்டைச் சீழ்க்கை, ஒரு நீளச் சீழ்க்கை அடித்தால் 'எங்கே இருக்கிறாய்' என்று பொருள். ஒரு நீளச் சீழ்க்கை பதில். பதில் வராவிட்டால் வாளியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒரு முறை முனியாண்டியிடமிருந்து பதில் வரவில்லை. ஓடிப் போனேன். கால்வாயில் விழுந்து கால் முறிந்து கிடந்தான்.

பாலத்தில் நான் யோசிக்கவே இல்லை. விரல் தானாக வாய்க்குப் போயிற்று. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

சின்னையா என் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, என்ன பண்றீங்க? காத்தைக் கூப்பிடுறீங்களா? இது எஸ்டேட்டு இல்ல லா."

பக்கத்துப் படகில் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவரும் நிமிர்ந்து என்னை முறைத்தார். இந்தக் கரையில் விசில் அடித்தால் காற்று தேடி வரும் என்பது எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது. செல்வி என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றாள். வேண்டுமென்று செய்ததாக இருக்காது.

அடுத்த நொடியே மழை இறங்கியது. கிடுகிடுவென்று பாலம் ஆடியது. நான்தான் அழைத்தேன் என்று என் மனம் நம்பிவிட்டது. அதைவிட மோசமானது, பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் ஓட வேண்டும். எங்கே ஓடுவது? பாலம் முடிந்துவிட்டது, அதற்கு மேல் தண்ணீர். அரை மணி நேரத்துக்கும் மேலாக அந்த நுனியிலேயே நின்றேன். அவன் முகத்தை நினைக்கப் பார்த்தேன், வரவில்லை. கால்வாயில் கிடந்த சிறுவனின் முகம்தான் வந்தது.

எட்டு ஐந்துக்கு மழை மெலிந்தது. நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, முதுகுப் பக்கம் இன்ஜின் சத்தம் கேட்டது. ஆற்றின் உள்ளேயிருந்து, அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு நீலப் படகு வந்தது. முனியாண்டி சட்டையைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தான்.

"அண்ணே, எப்ப வந்தீங்க?"

செல்வி அவனைத் திட்டத் தொடங்கினாள். திட்டிக்கொண்டே அழுதாள். அவன் காற்று வருமுன்பே, இவர்கள் பாலத்துக்கு வருவதற்கும் முன்பே, முனையைச் சுற்றி உள்ளே வந்துவிட்டானாம். அலையில் பாலத்தோரம் கட்டினால் படகு உடையும் என்று, இருநூறு மீட்டர் தள்ளி மரத்தில் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். சின்னையா கூடையைப் பார்த்தார். "இவ்ளோதானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வலையிலிருந்து இறாலைப் பிரிக்க நானும் அவனோடு உட்கார்ந்தேன். மற்றவர்கள் தள்ளிப் போனதும் மெதுவாகக் கேட்டேன்.

"நான் அடிச்சது கேட்டுச்சாடா?"

"நல்லாக் கேட்டுச்சுண்ணே. காத்து அந்தப் பக்கம்தான அடிச்சுச்சு."

"பின்ன ஏன்டா பதில் அடிக்கல?"

அவன் ஒரு இறாலை எடுத்துக் கூடையில் போட்டான்.

"வாயில வெரலை வச்சிட்டேன். அப்புறம் எடுத்துட்டேன். அடிச்சிருந்தா நாளைக்கு மாமா என்னைப் போட்டுல ஏத்த மாட்டாரு. இந்தக் கரையில வேற யாரும் ஏத்த மாட்டாங்க."

சட்டைப் பையில் இருந்த விண்ணப்பத் தாளை எடுத்து நீட்டினேன். ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். முழுவதும் படித்தான். மடித்துப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மறுபடி என் சட்டைப் பையில் வைத்தான்.

"பத்திரமா வைங்க. வேற யாருக்காச்சும் ஆகும்."

நான் வற்புறுத்தவில்லை. பதினொரு மணிக்குப் புறப்பட்டேன். ஒரு கிலோ இறாலைச் செல்வி ஐஸ் போட்டுக் கட்டிக் கொடுத்தாள். பாய் கடையைத் தாண்டும்போது வானம் ஒன்றும் தெரியாததுபோல் நீலமாக இருந்தது.

திங்கட்கிழமை எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தேன். நான்கு நிரை தள்ளிக் கூட்டாளி ராமன் அதே பழைய வழக்கப்படி சீழ்க்கை அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நீளம். விரலை வாய்க்குக் கொண்டுபோன நான், மட்டைகளுக்கு இடையே மேற்கு வானத்தைப் பார்த்தேன். அங்கே கொஞ்சம் மேகம் இருந்தது. அதற்கு அடியில் நாற்பத்தோரு கிலோமீட்டர் தள்ளி யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

விரலை எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் ராமன் தள்ளுவண்டியைப் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்து நின்றார்.